அஷ்டமியில் திறந்த ஹைகோர்ட்

போன வாரம் பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டு முற்றத்தில் அந்தக் குழவியை மறுபடி பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஆட்டுக்கல்லுக்குள் சாய்ந்து கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. கை பிடிக்கிற தலைப் பக்கத்தில், இத்தனை வருஷம் இத்தனை பேர் கை பட்டும் போகாத ஒரு சிவப்புக் கறை. உண்மையில் அது கறை இல்லை, கோர்ட்டில் போட்ட நம்பர். சாட்சிப் பொருள் என்பதற்கு அடையாளமாக வங்காளி எழுத்தில் போட்டது. உலகத்தில் எத்தனையோ குழவிகள் உளுந்து அரைத்திருக்கும். கோர்ட்டு வாசப்படி மிதித்துவிட்டு வந்த குழவி இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு அதில் அரைத்த மாமியின் நினைவு முதலில் வரவில்லை. மடியில் பஞ்சாங்கமும் மூக்கில் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த எங்கள் சூப்பிரண்டு ஸார்தான் வந்து நின்றார். யாரும் பக்கத்தில் இல்லை. தனியாக நின்று சிரித்தேன்.

இந்த நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. குதிரை இழுத்த டிராம்கள் போய் மின்சார டிராம் வந்த புதிது. நான் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தாவாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தேன். மாமியின் மெஸ் பவானிபூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. கீழே சமையல், மேலே நாங்கள். பாங்கிக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், சர்க்கார் ஆபீஸ்காரர்கள் என்று கல்யாணமாகாதவர்களும், ஆகியும் பெண்டாட்டியைத் தஞ்சாவூர்ப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்களுமாக ஒரு பெருங்கூட்டம். மாமியின் வீட்டுக்காரர் காசிக்குப் போய்க் கங்கை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பியவர், கங்கை அங்கேயே இருக்கட்டும் நாமும் இங்கேயே இருப்போம் என்று தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது. மாமி அதைப் பற்றி அழுது நான் பார்த்ததில்லை. "அவருக்கு அங்கே சாமி சோறு போடறது, எனக்கு இங்கே நீங்கள்லாம் போடறேள்" என்பாள். அவள் போட்டதை நாங்கள் தின்றோம் என்பதுதான் நிஜம்.

சூப்பிரண்டு ஸார் மெஸ்ஸிலேயே மூத்தவர். ஒரு பெரிய சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டு. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட பஞ்சகச்சம். ஆபீசில் மணி அடித்ததும் வருகைப் புஸ்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு, தாமதமாக வருகிறவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு போடுவாராம். ஆபீஸே அந்தச் சிவப்புக் கோட்டுக்கு நடுங்கும் என்று அங்கே வேலை பார்த்த பையன்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷர் மெஸ்ஸுக்கு வந்தால் பஞ்சாங்கம் சொன்னபடி கேட்கிற பரம சாது. வருஷா வருஷம் கும்பகோணத்திலிருந்து அது தபாலில் வரும். முடி வெட்டிக்கொள்ள நாள் பார்ப்பார். புதுச் செருப்பைக் காலில் போட நாள் பார்ப்பார். புதுத் தலையணைக்கு நாள் பார்த்து, அதுவரை கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அஷ்டமி நவமி என்றால் ஒரு துரும்பைப் புதிதாக நகர்த்த மாட்டார். "அப்போ அஷ்டமியன்னிக்கு ஆபீஸ் மட்டும் எப்படி ஸார் போறேள்?" என்று ஒருநாள் சீண்டினேன். "அது கூப்பிட்டுப் போற சேவகம்டா அம்பி. புதுசா ஒண்ணைத் தொடங்கறதுக்குத்தான் நாள் பாக்கணும்" என்றார். 

வழக்கு வந்தது ஆட்டுக்கல்லால். மாமிக்கு விடிந்தால் சமையல், மத்தியானம் சாமான் வாங்கப் பஜார், சாயங்காலம் பலகாரம். மாவரைக்க அவளுக்கு வாய்த்த நேரம் விடிவதற்கு முந்திய நேரம்தான். ஆட்டுக்கல் பதித்திருந்த இடமோ பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவரடி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டர்மஷாய் தலை வைத்துப் படுப்பார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். மனுஷருக்குத் தூக்கம் வருவதே பின்னிரவில்தான். கண்ணை மூடுகிற சமயத்தில் இந்தப் பக்கம் கடகடவென்று கல் ஓடத் தொடங்கும். முதலில் சொல்லிப் பார்த்தார். மாமிக்குத் தெரிந்த வங்காளி காய்கறிக்காரனோடு பேரம் பேசப் போதுமானது. தலைமையாசிரியரோடு சமாதானம் பேசப் போதாது. அவர் தூக்கம் என்றார், இவள் இட்லி என்றாள். கல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்க அந்தக் குறுகலான வீட்டில் இடமும் இல்லை. கடைசியில் அவர் முன்சீப் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

சத்தம் போடுவது எது என்று நான் பார்க்க வேண்டும் என்றார் முன்சீப். ஆட்டுக்கல்லைப் பெயர்க்க முடியாது; ஆகவே குழவியை மட்டும் கோணிப்பையில் சுற்றிக் குதிரை வண்டியில் கொண்டுபோனோம். அங்கேதான் அதன் தலையில் சிவப்புச் சாயத்தால் நம்பர் போட்டார்கள். அடுத்த வாய்தாவுக்கு நாங்கள் போனபோது, குழவி சாமான் அறை மூலையில் செங்குத்தாக நிற்கிறது, உச்சியில் வில்வ இலை, சுற்றிலும் ஊமத்தம்பூ! கோர்ட்டுச் சேவகன் அதைச் சிவலிங்கம் என்று நினைத்துக்கொண்டுவிட்டான். கோயில் சொத்துத் தகராறு போலிருக்கிறது என்று அவனுக்கு எண்ணம். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நல்லதாப் போச்சு, ஸ்வாமியே நம்ம பக்கம் சாட்சி" என்றாள். ஸ்வாமி சாட்சி சொன்னதாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் ஆட்டுக்கல் ஓடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஜில்லா ஜட்ஜியிடம் போனோம், அவரும் அதையே சொன்னார். மேலே போய்ப் பார்ப்பதானால் பாருங்கள், அதுவரை கல் ஓடட்டும் என்று குழவியைத் திருப்பித் தந்து தவணை மட்டும் கொடுத்தார்கள்.

ஆட்டுக்கல் போனால் மெஸ் போனது மாதிரிதான். எங்களுக்குச் சோறு போட அந்த ஊரில் ஒரிய சமையல்காரர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். இட்லிக்கும் தோசைக்கும்தான் நாங்கள் மாமியிடம் விழுந்து கிடந்தோம். அது மாமிக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, ஜில்லா ஜட்ஜி தீர்ப்பு வந்த அன்று அவள் பரிமாறும்போது எல்லாருக்கும் ரசத்தையே இரண்டு தடவை ஊற்றினாள். இந்த வயசில் இந்தப் பெரிய பட்டணத்தில் அவள் எங்கே போவாள்? அப்போதுதான் சூப்பிரண்டு ஸார் எழுந்து, "ஹைகோர்ட்டுக்குப் போவோம். நான் பாத்துக்கறேன்" என்றார். எல்லாரும் கைதட்டினோம். தாமதம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷர் பொறுப்பெடுத்துக்கொண்டால் வேறென்ன வேண்டும்?

தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் மனுவை அதே பேட்டையிலிருந்த ஒரு வக்கீல் பாபு எழுதிக் கொடுத்தார். அதற்குள் துர்க்கா பூஜை வந்துவிட்டது. பூஜைக்குச் சாத்தினால் ஹைகோர்ட் லேசில் திறக்காது. கல்கத்தாவின் பாதி வக்கீல்கள் மேற்கே ஏதாவது மலைக்காற்றுள்ள ஊருக்குப் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுவார்கள். எங்கள் வக்கீல் பாபுவும் கிளம்பினார். போகுமுன் மனுவைச் சூப்பிரண்டு ஸார் கையில் கொடுத்துச் சொன்ன வார்த்தை இது: "கெடு லீவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கோர்ட் மூடியிருக்கும்போது கெடு முடிந்தால், திறக்கிற நாளில் கொடுக்கலாம். திறக்கிற நாள் என்றால் திறக்கிற நாள்தான். என் குமாஸ்தா அங்கே நிற்பான்." ஸார் தலையாட்டினார். மனுவைக் கொண்டுவந்து பட்டுத் துணியில் சுற்றி மாமியின் ஸ்வாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நவராத்திரி முழுக்க அது சுண்டல் வாசனையில் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

ஹைகோர்ட் திறந்த நாள் அஷ்டமி.

எங்களில் யாருக்கும் அது தெரியாது. ஸாருக்குத் தெரிந்திருந்தது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. இவ்வளவு நாள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியவர்கள் இன்னும் இரண்டு நாள் பொறுக்க மாட்டார்களா என்று நினைத்திருக்கிறார். லீவு முடிந்த முதல் நாள் எந்த ஆபீசில் எவன் பேனாவை எடுக்கிறான் என்பது அவர் அனுபவம். அஷ்டமி போயிற்று, நவமியும் போயிற்று. தசமியன்று காலையில் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய இட்டுக்கொண்டு, மாமியிடம் தீபாராதனை காட்டச் சொல்லி, மனுவை எடுத்துக்கொண்டு டிராம் ஏறினார். துணைக்கு நானும் போனேன். "பாரேன், இன்னிக்குக் கொடுக்கற காரியம் எப்படிப் போறதுன்னு" என்று வழியெல்லாம் உற்சாகம்.

வக்கீல் பாபுவின் குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவன் மாதிரி நின்றான். இரண்டு நாளாக வாசலிலேயே காத்திருந்து காத்திருந்து அவனுக்கு வாய் உலர்ந்துவிட்டது. "தாதா, என்ன காரியம் செய்தீர்கள்!" என்று தலையில் கை வைத்தான். அங்கே அண்ணா என்பதற்குத் தாதா. மனுவை வாங்கின ஆசாமி தேதியைப் பார்த்தார், விரலை மடக்கினார், சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். 'காலம் கடந்தது' என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். அந்தச் சிவப்புக் கோட்டை ஸார் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். எத்தனை பேருக்குப் போட்டவர்! திரும்பி வரும்போது டிராமில் இடமிருந்தும் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தார்.

வக்கீல் பாபு ஊரிலிருந்து வந்து, சத்தம் போட்டு ஓய்ந்து, பிறகு உத்தி சொன்னார். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஜட்ஜுகள் மன்னிக்கலாம். "என்ன காரணம் சொல்வது?" என்றார் ஸார். "ஹைகோர்ட்டுக்கு ஒரே ஒரு வியாதிதான் தெரியும், ஜுரம். வயிற்றுவலி என்றால் சந்தேகப்படுவார்கள், மயக்கம் என்றால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். ஜுரம் வந்தது, ஜுரம் போனது. யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் வக்கீல் பாபு. ஜன்மத்தில் ஒரு தும்மல்கூடத் தும்மாத ஸார், திறந்த நாளும் மறுநாளும் தனக்குக் கடும் ஜுரம், இன்னும் உடம்பு தேறவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். அதன் நகல் ஒன்று எதிர்க்கட்சிக்குப் போக வேண்டும் என்பது விதி. எதிர்க்கட்சி என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர்தான். நகல் போயிற்று.

மறுநாள் காலை மாஸ்டர்மஷாய் எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. சண்டைக்கு வந்துவிட்டார் என்று மாமி கரண்டியோடு எழுந்தாள். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, "சூப்பரின்டெண்ட் பாபுவுக்கு உடம்பு சரியில்லையாமே, பக்கத்தில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லையே" என்றார். அவர் ஹோமியோபதி பார்ப்பார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கோர்ட்டுச் சண்டை கோர்ட்டில், ஜுரம் வந்தவனைப் பார்ப்பது தெருவில் என்று அவருக்கு ஒரு கணக்கு. நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்ல, ஸார் அவசர அவசரமாகத் தலைப்பாகையை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துகொண்டார்.

பெரிய விசாரணை நடந்தது. ஜுரம் தலையில் தொடங்கியதா, காலில் தொடங்கியதா? இடது பக்கம் படுத்தால் கூடிற்றா, வலது பக்கம் படுத்தால் கூடிற்றா? இடி இடித்தால் பயம் வருமா? தண்ணீர் மடக் மடக்கென்று குடிக்கத் தோன்றிற்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? ஸார் ஒவ்வொன்றுக்கும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். மாஸ்டர்மஷாய் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இரண்டே நாளில் விட்ட ஜுரம் நல்லதில்லை, வேர் உள்ளே இருக்கிறது" என்று சர்க்கரை உருண்டைகளை நாக்கில் போட்டார். பிறகு பத்தியம் சொன்னார். காபி கூடாது, பெருங்காயம் கூடாது, காரமான வாசனை எதுவும் கூடாது. காபி கூடாது என்றதும் ஸாருக்கு நிஜமாகவே உடம்பு நடுங்கியது. "பார்த்தீர்களா, குளிர்" என்று இன்னொரு கம்பளி போர்த்தச் சொன்னார் அவர்.

தினமும் காலையும் மாலையும் வந்தார். ஸார் ஆபீசுக்கு லீவு போட வேண்டியதாயிற்று. மாமி, எதிரியாயிருந்தாலும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மாட்டேன் என்று மாஸ்டர்மஷாய்க்கு இட்லி வைத்தாள். பனிக்காலப் புது வெல்லம் கல்கத்தாவுக்கு வந்திருந்த சமயம். மனுஷர் மிளகாய்ப் பொடியைத் தள்ளி வைத்துவிட்டு, இட்லியை வெல்லப் பாகில் தோய்த்துச் சாப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மேலே கம்பளிக்குள் ஸார் பார்லி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கீழே காபி இறங்குகிற வாசனை மாடிக்கு ஏறும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு கேட்கும்.

சில நாள் போயிற்று. ஒரு சாயங்காலம் மாஸ்டர்மஷாய் ஸாரின் நாடியைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் உடம்பு என் மருந்துக்கு மசியவில்லை. தப்பு என்னிடம்தான். நாளைக்குக் காளிகாட்டிலிருந்து என் சிநேகிதர் ஒருவரை அழைத்துவருகிறேன், என்னைவிடப் பெரிய கை" என்றார். முகத்தில் அத்தனை கவலை. பாவம், முந்தின நாள் பின்னிரவும் கல் சத்தத்தில் தூங்காதவர். கண் சிவந்திருந்தது. ஸார் எழுந்து உட்கார்ந்தார். கம்பளியைத் தள்ளினார். "மாஸ்டர்மஷாய், எனக்கு ஜுரமே வரவில்லை" என்றார்.

"பிறகு?" என்றார் மாஸ்டர்மஷாய். "அன்றைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. எங்களவர்கள் அந்த நாட்களில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள்." மாஸ்டர்மஷாய் பிடித்திருந்த கையை விட்டார். "அஷ்டமியா! நாங்கள் பட்டினி இருந்து குளித்துப் புதுத்துணி உடுத்தி துர்க்கையம்மாவுக்குப் புஷ்பாஞ்சலி செய்கிற நாள் ஐயா அது! அதற்கா பயந்தீர்கள்?" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. "நாற்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினேன். தாமதமாக வந்த பையன்கள் அத்தனை பேருக்கும் ஜுரம். நான் ஒருத்தனையும் நம்பியதில்லை. உங்களை நம்பினேன்." பெட்டியை மூடினார். "என் வக்கீலிடம் நான் இதைச் சொல்ல மாட்டேன். சொல்வதானால் நீங்கள் சொல்லுங்கள்" என்று படியிறங்கிப் போய்விட்டார். அன்று அவர் இட்லி சாப்பிடவில்லை.

ஸார் கீழே வந்து மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். உண்மையைச் சொன்னால் மனு போகும், மனு போனால் கல் போகும். மாமி உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பிடித்தாளே ஒரு பிடி! "அஷ்டமியாமே அஷ்டமி! என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா ராகுகாலத்துலயே போயிட்டு வாங்கோன்னு தள்ளியிருப்பேனே! பூனை குறுக்கே போனா நான் அடுப்பு மூட்டாம இருக்கேனா? தெருவில விதவை எதிர வந்தா நீங்க சாப்பிடாம இருக்கேளா?" என்று பொரிந்து தள்ளினாள். ஸார் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். திட்டி முடித்து மூச்சு வாங்கினபிறகு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போய் உள்ளதைச் சொல்லிடுங்கோ ஸார். நீங்க பொய்ச் சத்தியம் பண்ணிக் காப்பாத்தின கல்லுல அரைச்சு உங்களுக்கே எப்படி நான் இட்லி போடுவேன்? தொண்டையில இறங்குமா?" உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அந்தக் காபியைக் குடிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர்.

விசாரணை நாளன்று மெஸ்ஸில் பாதிப் பேர் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு ஹைகோர்ட்டில் இருந்தோம். ஜட்ஜுகள் இருவர், ஒருவர் வெள்ளைக்காரர், ஒருவர் வங்காளி. எங்கள் வக்கீல் பாபு எழுந்து ஜுரத்தைப் பற்றி உருக்கமாகத் தொடங்குகிறார், ஸார் பின்னாலிருந்து எழுந்து, "பிரபுவே, அது பொய். நான் செய்த சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்றார். வக்கீல் பாபு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது நாற்காலியில்தானா என்று அவர் பார்க்கவில்லை, நல்லவேளையாக அங்கே நாற்காலி இருந்தது. ஸார் அஷ்டமியைச் சொன்னார், நவமியைச் சொன்னார். வெள்ளைக்கார ஜட்ஜி அஷ்டமி என்றால் என்ன என்று வங்காளி ஜட்ஜியிடம் கேட்டார். அவர் ஏதோ காதோடு சொல்ல, வெள்ளைக்காரரின் புருவம் விக்குக்குள் போய்விட்டது.

"அவ்வளவு நீண்ட லீவில் உமக்கு ஒரு நல்ல நாளும் கிடைக்கவில்லையா?" என்றார் வங்காளி ஜட்ஜி. "கிடைத்தது பிரபுவே, ஆனால் நல்ல நாள் எல்லாம் கோர்ட் மூடியிருந்தது." கூடம் முழுக்கச் சிரிப்பு. ஜட்ஜியும் சிரித்தார். பிறகு, "இன்றைக்கு என்ன திதி?" என்றார். ஸாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தெரியாமலா? "அஷ்டமி" என்றார். "பிறகு எப்படி வந்தீர்?" "கோர்ட் கூப்பிட்டது, வந்தேன்." ஜட்ஜி முன்னால் சாய்ந்தார். குரலில் கோபம் இல்லை. "அன்றைக்கும் சட்டம் உம்மைக் கூப்பிட்டுத்தான் இருந்தது" என்றார். ஸார் கை கூப்பினார். பொய்யைத் தானே வந்து சொன்னதால் அதற்குத் தண்டனை இல்லை, ஆனால் பஞ்சாங்கம் தகுந்த காரணமாகாது என்று மனுவைத் தள்ளினார்கள். நேரத்தோடு கொடுத்திருந்தால் கேட்டிருப்போம் என்றும் ஒரு வார்த்தை சொன்னார்கள். எல்லாவற்றையும்விட அதுதான் சுட்டது.

அன்று சாயங்காலம் மெஸ்ஸில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமி ஆட்டுக்கல்லைக் கழுவித் துணி போட்டு மூடிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஸார் மாடிப்படியில். அப்போது மாஸ்டர்மஷாய் வந்தார். இந்த முறை பெட்டி இல்லை. நேரே மாமியின் முன்னால் போய் நின்று, அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "கோர்ட் என்ன சொன்னது? இந்த வீட்டில் கல் ஓடக்கூடாது. என் வீட்டில் ஓடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என் முற்றத்தின் அந்தக் கோடியில் வேப்பமரம் இருக்கிறது. நான் படுக்கிற இடத்துக்கும் அதற்கும் ரொம்ப தூரம். பின்கதவைத் திறந்தே வைக்கிறேன். கல்லைக் கொண்டுவாருங்கள்." மாமிக்குப் புரிந்துவிட்டது, நம்பத்தான் முடியவில்லை. "ஏன் தாதா?" என்றாள். "நான் கேட்டது என் தூக்கம். உன் பிழைப்பை நான் கேட்கவில்லை, அம்மா" என்றார். பிறகு படியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "ஜுரம் இல்லை ஸார் என்று சொன்ன முதல் பையன் இவர்தான்" என்றார்.

நாங்கள் கத்தின கத்தலில் சந்தே எட்டிப் பார்த்தது. மாமி அழுகையும் சிரிப்புமாக, "எப்போ எடுத்து வைக்கலாம்?" என்றாள். கேட்டதுதான் தாமதம், சூப்பிரண்டு ஸாரின் கை தன்னால் கோட்டுப் பைக்குப் போயிற்று. பஞ்சாங்கம் பாதி வெளியே வந்துவிட்டது. இன்றைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. எல்லாரும் அவரையே பார்த்தோம். மாமியும் பார்த்தாள். ஸார் பஞ்சாங்கத்தை மறுபடி பைக்குள் திணித்தார். கோட்டைக் கழற்றி எறிந்தார், பஞ்சகச்சத்தை வரிந்து கட்டினார். "அஷ்டமியாவது நவமியாவது! கடப்பாரையை எடுங்கோடா!" என்று கத்திக்கொண்டு, குழவியை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, முதல் ஆளாக நடந்தார். கல்லைப் பெயர்த்து மூங்கிலில் கட்டி நாங்கள் பின்னால் போனோம். வாசலில் மாஸ்டர்மஷாயின் வீட்டம்மாள் நின்று சங்கு ஊதினாள்; வங்காளத்தில் அது மங்களச் சத்தம். அவளுக்கு அது அஷ்டமி, வீட்டுக்கு ஏதோ நல்லது வருகிறது.

அப்புறம் என்ன? மாஸ்டர்மஷாய் தூங்கினார். மாமியின் மெஸ் பெருத்து இரண்டு வீடாயிற்று. இப்போது அவள் தங்கை பெண் கரியாஹாட் பக்கம் நடத்துகிறாள், அங்கே அரைக்கிறது வேறு கல். சூப்பிரண்டு ஸார் பஞ்சாங்கத்தை விடவில்லை. செருப்புக்கும் தலையணைக்கும் நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எங்களில் யாராவது எங்கேயாவது ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றால், "இன்னிக்கே போ, இப்பவே போ" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார். கேட்காவிட்டால் அவரே பிடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். பல வருஷம் கழித்து அவர் காலமானது ஒரு அஷ்டமியில். சடங்கு பண்ண வந்த சாஸ்திரிகள் திதியைச் சொன்னதும், அழுதுகொண்டிருந்த மாமி சட்டென்று நிமிர்ந்து, "பாத்தேளா, இந்தத் தடவை தள்ளிப் போடலை மனுஷர்" என்றாள். சாவு வீட்டில் சிரித்த பாவிகள் நாங்கள்.

போன வாரம் அந்த முற்றத்தில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை மாஸ்டர்மஷாயின் பேரன் மனைவி பார்த்துவிட்டாள். பருப்பு ஊறவைத்த பாத்திரத்தோடு வந்தவள்; அவர்கள் வடகத்துக்கு அந்தக் கல்லில்தான் அரைக்கிறார்களாம். "இந்தச் சிவப்பு என்ன, காகாபாபு? தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள். அது ஹைகோர்ட் வரைக்கும் போன வழக்கின் அடையாளம் என்றேன். எங்களவர் ஒருவர் இரண்டு நாள் தாமதமாகப் போனதால் அந்த வழக்குத் தோற்றுத்தான் கல் இந்த முற்றத்துக்கு வந்தது என்றேன். "ஏன் தாமதமாகப் போனார்?" என்று கேட்டாள். எத்தனை வருஷப் பழக்கம் பாருங்கள், ஜுரம் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. மாஸ்டர்மஷாய் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லலாமா?

"அன்றைக்கு அஷ்டமி, அம்மா" என்றேன்.

"அஷ்டமியா? அது ரொம்ப நல்ல நாளாயிற்றே!" என்று சொல்லிவிட்டு, அவள் உட்கார்ந்து குழவியைப் பிடித்தாள்.